பிள்ளை கிடைத்த பின்னும் கிளினிக் கொப்பியை மூடிவிட வேண்டாம்



இரண்டு இதழ்களுக்கு முன்னர் பிள்ளைப்பேறு தாமதமாவது பற்றி இப்பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களில் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கலியாணமாகி ஐந்து வருடம் பிள்ளையில்லை. 'பொலிசிஸ்டிக் ஓவரி' என்று சொல்லி வைத்தியர் தந்த குளிசைகளைப் பாவித்துக் கர்ப்பமானார். ஏழாம் மாதத்தில் சீனி கூடியது. சிசேரியன் மூலம் பெண் பிள்ளை. இப்போது மகளுக்கு ஏழு மாதம். நாற்பது கழிய முன்பே பால் போதவில்லை என்று போத்தல் தொடங்கியாயிற்று. மாதவிடாய் இன்னும் வரவில்லை. முகத்தில் மறுபடியும் முடி, கழுத்தில் மறுபடியும் கறுப்பு. கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "புள்ள கெடச்சா எல்லாம் சரியாகிடும் எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் சரியாகல்ல? நான் என்ன பிழை செஞ்சேன்?"

சகோதரியே, நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்களுக்குச் சொன்னவர்கள்தான் பிழையாகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பதை மறைக்கப் போவதில்லை. குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றிய ஆரம்ப காலத்தில், மாதவிடாய் ஒழுங்கில்லை என்று கவலைப்படும் எத்தனையோ மருமக்களிடம், "ஒரு புள்ளயப் பெத்துக்கோங்க மகள், தானாச் சரியாகிடும்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஆறுதலை நம்பி, பிள்ளை பிறந்ததும் பரிசோதனைகளை நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ?

இந்த எண்ணம் நம் ஊர்ப் பெண்களிடத்தில் மட்டும் உள்ளதல்ல. 1935ஆம் ஆண்டு சிக்காகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் இந்நோய் மருத்துவ உலகில் பெயர் பெற்றது. அவர்கள் சூலகத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கர்ப்பமானார்கள். சிகிச்சை வெற்றி என்று எழுதப்பட்டது. பிறகு அந்த ஏழு பெண்களின் சீனி என்னவாயிற்று, இரத்த அழுத்தம் என்னவாயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை கிடைத்ததா இல்லையா என்பதே அன்று தொட்டு அளவுகோலாகிவிட்டது.

உண்மையில் இது சூலகத்தோடு நின்றுவிடும் வருத்தமல்ல. 'கட்டி' என்ற பேச்சைக் கேட்டே பலர் நடுங்குகிறார்கள். ஸ்கேனில் தெரிவது கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகளே அவை. அவை ஏன் நின்றுபோகின்றன? இப்பெண்களில் பெரும்பாலானோருக்கு இன்சுலின் என்னும் ஓமோன் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் கூடிய அந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, ஆண்களுக்குரிய ஓமோன்களை அதிகம் சுரக்கச் செய்கிறது. முகத்து முடியும், பருவும், மாதவிடாய் பிந்துவதும் இதனால்தான். கழுத்துக் கறுப்பும் இன்சுலின் கூடியதன் அடையாளமே. அதை அழுக்கென்று எண்ணி பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து மகள்மாரின் தோலைப் புண்ணாக்கும் உம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். மெலிந்த பெண்களுக்கும் இவ்வருத்தம் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'சாப்பாடு கூடினதால வந்த நோய்' என்று வாய்க்கு வந்தபடி பேசுவோர் இதைக் கவனிக்கட்டும்.

இது அபூர்வமான நோயுமல்ல. கம்பஹா மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் கூடுதலாக இது காணப்பட்டது. உலகளவில் பத்துப் பெண்களில் ஒருவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். உங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

இனிக் கர்ப்பகாலத்துக்கு வருவோம்.

எந்தப் பெண்ணானாலும் கர்ப்பமானதும் நச்சுக்கொடியிலிருந்து வரும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைக் குறைக்கின்றன. சாதாரண உடம்பு கொஞ்சம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளித்துக்கொள்ளும். ஏற்கனவே இன்சுலின் சரியாக வேலை செய்யாத பெண்ணுக்கோ இது சுமைக்கு மேல் சுமை. அதனால்தான் இவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு, இரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு ஆகியன மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்படுகின்றன. எல்லோருக்கும் வரும் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலானோர் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கூடிய கண்காணிப்பு வேண்டும்.

அந்தக் கண்காணிப்புக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் நம் வாய்தான், அதாவது வாய் திறக்காமை. வீட்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப் போகும்போது, "முந்தி ஏதாவது வருத்தம் இருந்ததா?" என்று கேட்பேன். பக்கத்தில் மாமி இருப்பார். "ஒண்டும் இல்ல மிஸ்" என்பாள் மருமகள். பிள்ளைக்காக மருந்தெடுத்தது மாமிக்குத் தெரியாது. தெரிந்தால் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார் என்ற பயம். நான் கொப்பியில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வருவேன். பிறகு ஒரு நாள், படலை வரை என்னோடு வந்து, "மிஸ், எனக்கு ரெண்டு வருஷமா மருந்து தந்தாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். சிலர் சொல்லாமலே இருந்துவிட்டதும் உண்டு. உங்களால் வீட்டில் சொல்ல முடியாவிட்டால் கிளினிக்கில் தனியாகச் சொல்லுங்கள். சிறிய துண்டொன்றில் எழுதிக் கொடுத்தாலும் போதும். நீங்கள் பாவித்த குளிசைகளின் பெயர்களையும் எழுதுங்கள்.

சொன்னால் என்ன நடக்கும்? உங்கள் குளுக்கோஸ் பரிசோதனை முந்திவிடும். 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டலின்படி, இவ்வருத்தமுள்ள பெண் பிள்ளைக்காக ஆயத்தமாகும்போதே இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும். அப்போது செய்யாவிட்டால் முதல் கிளினிக் வருகையிலும், எப்படியிருந்தாலும் 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் மறுபடியும் செய்ய வேண்டும். இரவு சாப்பிட்டபின் காலை வரை வெறும் வயிறு. முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கத் தந்து இரண்டு மணித்தியாலம் உட்கார வைப்பார்கள். குமட்டும், உண்மைதான். மெதுவாகக் குடியுங்கள். வாந்தி வந்தால் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

இலக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எனக்குத் தொண்ணூத்தஞ்சுதான், அது நோர்மல்" என்று சிலர் தாங்களே முடிவு செய்கிறார்கள். கர்ப்பிணிக்கு அளவு வேறு. உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் வகுத்தபடி, வெறும் வயிற்றில் 92 மில்லிகிராம் ஆனாலே அது கர்ப்பகால நீரிழிவுதான். வாப்பாவின் சீனிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

மெட்போமின் குளிசை பற்றியும் பலர் கேட்கிறார்கள். கர்ப்பமானதும் பயந்து தாமாகவே நிறுத்துவோர் ஒரு பக்கம், அதைக் குடித்தால் சீனி வராது என்று நம்பி மற்றதையெல்லாம் கைவிடுவோர் மறுபக்கம். நோர்வே, சுவீடன், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் இவ்வருத்தமுள்ள 487 பெண்களைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மெட்போமின் குடித்தவர்களிலும் வெறும் குளிசை குடித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. அதாவது அதனை வராமல் தடுக்க இக்குளிசையால் முடியவில்லை. வந்த சீனியைக் கட்டுப்படுத்தவும் வேறு காரணங்களுக்காகவும் வைத்தியர் தரலாம். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவரிடமே விடுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் வீடுகளின் பிரச்சினை என்னவென்று உங்களுக்கே தெரியும். புள்ளத்தாச்சி இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டுமாம். கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் கறி. நான் சொல்வது சோற்றை நிறுத்துவதல்ல. கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்குத் தவிட்டுச் சிவப்பரிசிச் சோறு. பசித்தால் இடையில் ஒரு பிடி அவித்த கடலை. தேத்தண்ணீருக்குச் சீனி குறையட்டும். பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்னும் பழக்கம் நான்கு மாதத்துக்குள் செய்யும் வேலையைத் தராசில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லாதவரை, சாப்பிட்டபின் வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். அந்த நடை சீனியை இறக்கும்.

நோன்பு காலத்தில் கர்ப்பமாக இருப்பவர்கள் ரமழான் பிறக்க முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் அவரைக் கேட்காமல் நோன்பு பிடிப்பது ஆபத்து. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் மாதத்துக்குப் பின் விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஏற்பட்டால் அடுத்த கிளினிக் நாள் வரை இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருச்சிதைவு நேர்ந்த சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வேன். வாளி தூக்கியதால், படியேறியதால், அன்னாசி தின்றதால் என்று வீட்டில் காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் காரணம் அதில் எதுவுமில்லை. உங்களை நீங்களே விசாரணை செய்துகொண்டிருக்காதீர்கள்.

பிள்ளை பிறந்த அன்று, குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தால் பதறாதீர்கள். தாய்க்குச் சீனி இருந்தால் பிள்ளைக்குச் சீனி சட்டென்று இறங்கக்கூடும், அதைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முதல் மருந்து தாய்ப்பாலே. முதல் மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போடக் கேளுங்கள்.

இந்தப் பால் விடயத்தில்தான் கடிதம் எழுதிய சகோதரி அதிகம் அழுதிருக்கிறார் என்று தெரிகிறது. "ஒம்பட ஒடம்புல பாலே இல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இல்லாதபோது ஒரு சொல், பிள்ளை வந்தபின் இன்னொரு சொல். பால் சுரப்பதற்கும் இன்சுலின் தேவை. எனவே இவ்வருத்தமுள்ள சிலருக்குப் பால் பிந்திச் சுரக்கிறது, சிலருக்குக் குறைவாகவும் இருக்கிறது. சிசேரியனும் கர்ப்பகாலச் சீனியும் சேர்ந்தால் இன்னும் ஓரிரு நாள் பிந்தும். நோர்வேயில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வருத்தமுள்ள தாய்மாரில் முதல் மாதத்தில் பால் மட்டும் கொடுப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். ஆனால் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே முதல் மாதத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அடிக்கடி, இரவிலும், இரண்டு பக்கமும் கொடுத்து, மிச்சத்தைக் கையால் கறந்து வரப் பால் கூடும். பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், அதற்காகத்தான் அவர் வீடு தேடி வருகிறார். பிள்ளையின் நிறை ஏறாவிட்டால் வைத்தியர் சொல்லும் மேலதிகப் பாலைக் கொடுப்பது குற்றமல்ல. பாதிப் பால் கொடுத்தாலும் அது பால்தான். பாலூட்டுவது பின்னாளில் தாய்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

நாற்பது நாள் சாப்பாட்டைப் பற்றி மூத்தவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. சரக்குக் கறியும் உள்ளியும் பால்சுறாவும் முருங்கைக் கீரையும் நல்ல சாப்பாடுதான். ஆனால் பால் ஊறும் என்று ஒரு நாளைக்கு நாலு கோப்பை சீனி போட்ட மோல்ட் பானத்தை இவர்களுக்குக் கொடுப்பது வேண்டாம்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். நச்சுக்கொடி வெளியே வந்ததும் அதனால் வந்த சுமை இறங்கிவிடும். பெரும்பாலானோருக்குச் சீனியும் சில நாட்களில் இறங்கும். ஆஸ்பத்திரியில் "இப்ப ஓகே" என்பார்கள். நச்சுக்கொடியோடு வந்தது போய்விட்டது, அதற்கு முன்பிருந்தே உடம்பில் இருந்தது போகவில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் அந்தக் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். யார் போகிறார்கள்? நாற்பதுக்குச் சாப்பாடு கொடுத்து முடிந்ததும் களைப்பு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் போகும் தாய், தன் இரத்தத்தைக் கொடுக்கப் போவதில்லை. பிள்ளையின் கொப்பியைப் பொலித்தீன் உறை போட்டுப் பாதுகாப்பார். தன் கொப்பி அலுமாரிக்கு மேலே கிடக்கும்.

வேறு சிலவும் உண்டு. "எனக்கு மருந்தில்லாமப் புள்ள வராது" என்ற நினைப்பில் கவனமில்லாமல் இருந்து, மாதவிடாயே வராததால் சந்தேகமும் வராமல், நாலு மாதத்தில் வயிறு தெரிந்தபின் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவரலாம். சிசேரியன் காயம் ஆற முன்பே இன்னொரு கர்ப்பம் ஆபத்து. இடைவெளி விடுவது பற்றிக் கணவனும் மனைவியும் ஆறாவது கிழமையிலேயே வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பால் கொடுப்பது குறைந்தபின்னும் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலிருந்தால், கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டு, வைத்தியரிடம் போங்கள். 'வராட்டி நல்லம்தானே' என்று வருடக்கணக்கில் விட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, பின்னாளில் புற்றுநோய் வரை போகக்கூடும்.

மனதைப் பற்றி எழுத ஒரு தனி இதழே வேண்டும். இவ்வருத்தமுள்ள தாய்மாருக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வருகின்றன. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு கிழமை போய்விட்டால், அது ஷைத்தானின் ஊசலாட்டம், ஈமான் குறைவு என்றெல்லாம் யாரும் சொல்ல விடாதீர்கள். அதற்கும் மருந்துண்டு, பாலூட்டிக்கொண்டே பாவிக்கக்கூடியதும் உண்டு. இப்பக்கத்தைச் சகோதரர்களும் வாசிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு ஒன்று: உங்கள் மனைவியின் உடம்பைப் பற்றி உங்கள் உம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவரல்ல.

மகளுக்கும் இது வருமா என்று பலர் கேட்கிறார்கள். வர வாய்ப்புக் கூடுதல்தான். சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, இவ்வருத்தமுள்ள தாய்மாரின் மகள்மாருக்கு ஐந்து மடங்கு என்கிறது. அதற்காகப் பெரிய பிள்ளையான மறுவருடமே மகளை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளின் சூலகத்திலும் முட்டைப் பைகள் நிறையத் தெரியும். அதை வைத்து இந்நோயை முடிவு செய்யக்கூடாது என்றே இன்றைய வழிகாட்டல் சொல்கிறது. ஓடி விளையாட விடுங்கள், நேரத்துக்குத் தூங்க விடுங்கள், கழுத்தைத் தேய்க்காதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அடுத்த முறை மகளுக்கு நிறை பார்க்கப் போகும்போது அலுமாரிக்கு மேலிருக்கும் உங்கள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். "எனக்குக் கர்ப்பத்தில சீனி இருந்தது, பிறகு பார்க்கல்ல, மாதவிடாயும் வரல்ல" என்று இவ்வளவும் சொன்னால் போதும். பன்னிரண்டு கிழமை தாண்டிவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அன்றிரவு நேரத்தோடு சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் மகளை வைத்துக்கொள்ள யாரையாவது கூட்டிப் போக மறக்க வேண்டாம். மாமியையே கூட்டிப் போனாலும் நல்லது.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகள் கேட்டிருந்த இரத்தச் சோகை பற்றி அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.